பிள்ளை ஏந்தாத அன்னையர்

எனக்குக் குழந்தை இல்லை. கல்யாணமாகிப் பல வருஷங்கள் இதை நானாக யாரிடமும் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய தேவையும் வந்ததில்லை. பெரம்பலூர்ப் பக்கத்துக் கிராமத்தில் ஒருத்திக்குப் பிள்ளை இல்லை என்றால் அது அவள் வாய் திறக்குமுன்னே ஊருக்குத் தெரிந்துவிடும். பேருந்தில் பக்கத்தில் உட்காருகிறவர் எந்த ஊர் என்று கேட்ட கையோடு எத்தனை பிள்ளைகள் என்று கேட்பார். சொந்தக்காரர்கள் இன்னும் பதமாகக் கேட்பார்கள்: "ஏதாச்சும் விசேஷம் உண்டாம்மா?" அந்த ஒரு கேள்விக்குப் பயந்தே எத்தனையோ கல்யாணங்களுக்கு நான் போனதில்லை.

சிற்பங்களிடமிருந்து நான் கற்றுக்கொண்ட ஒரு விஷயத்தைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். அது விளங்க வேண்டுமானால் இதை முதலில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

நேர்ந்துகொண்டதில் நான் குறை வைத்தது எதுவும் இல்லை. அரசும் வேம்பும் பின்னி வளர்ந்த மேடையில் நாகர் கற்களுக்கு மஞ்சள் பூசிப் பால் ஊற்றினேன். இரண்டு பாம்புகள் ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டு மேலெழுந்து படமெடுத்து எதிரெதிரே பார்க்கும் அந்தக் கல்லைத் தமிழ்நாட்டில் பார்க்காதவர்கள் இருக்க முடியாது. புடவைக் கிழிசலில் தொட்டில் கட்டிக் கிளையில் தொங்கவிட்டேன். சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயில் வாரத்தில் திங்களும் வெள்ளியும்தான் நடை திறக்கும். அங்கே மாவிளக்கு மாவை வீட்டிலிருந்து இடித்துக்கொண்டு போகிற வழக்கம் இல்லை. ஊறிய அரிசியைக் கோயிலிலேயே உரலில் போட்டு இடிப்பார்கள். என் மாமியாரும் நானும் ஆளுக்கொரு கை உலக்கை பிடித்து இடித்திருக்கிறோம். வெல்லம் சேர்ந்த ஈர மாவின் மணம் உள்ளங்கையில் சாயங்காலம் வரை இருக்கும். அந்த மணம் போகும்வரை நம்பிக்கையும் இருக்கும். இதற்கிடையே திருச்சியில் ஒரு மருத்துவமனைக்கும் நடந்தோம். ஊசி, மாத்திரை, ஸ்கேன் என்று வருஷங்கள் போயின.

வெளியில் சொல்லக் கூசிய ஒன்றை இங்கே சொல்கிறேன். ஒரு கட்டத்தில் எனக்கு அம்மன் முகங்களைப் பார்க்கவே பிடிக்காமல் போனது. திரண்ட மார்பும் வளைந்த இடையும் கையில் பூவுமாக நிற்கும் ஒவ்வொரு கற்சிலையும் என்னிடம் இல்லாததைக் காட்டிக்கொண்டு நிற்பதாகத் தோன்றியது. சொந்தத்தில் ஒரு வளைகாப்பு. சந்தனக் கிண்ணத்தோடு நானும் வரிசையில் நின்றேன். ஒரு பெரியம்மா சிரித்த முகத்தோடு என் கையிலிருந்து கிண்ணத்தை வாங்கி எனக்குப் பின்னால் நின்றவளிடம் கொடுத்தார். யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அன்றைக்கு ராத்திரி எனக்குக் கோபம் அந்தப் பெரியம்மா மேல் வரவில்லை, அம்மன் மேல் வந்தது.

நான் அரசுப் பள்ளியில் சமூக அறிவியல் ஆசிரியை. எங்கள் பள்ளியில் தொன்மைப் பாதுகாப்பு மன்றம் உண்டு. பிள்ளைகள் தங்கள் ஊரில் கிடக்கும் பழைய கல், கல்வெட்டு, உடைந்த சிலை எதைப் பார்த்தாலும் வந்து சொல்வார்கள். அப்படி ஒரு பையன் வந்து, "டீச்சர், எங்க ஏரிக்கரையில ஒரு குண்டு சாமி உக்காந்திருக்கு" என்றான். மறுநாள் சாயங்காலம் பிள்ளைகளோடு போனேன். மதகைத் தாண்டிச் சீமைக்கருவேலம் புதரை விலக்கினால், பாதி மண்ணில் புதைந்த ஒரு பலகைக் கல். பையன்கள் கையாலேயே மண்ணை வாரி எடுத்தார்கள்.

நடுவில் ஒரு பெண் இரண்டு காலையும் கீழே தொங்கவிட்டு உட்கார்ந்திருக்கிறாள். ஒய்யாரம் எதுவும் இல்லை. வயலில் பகலெல்லாம் வேலை பார்த்துவிட்டுத் திண்ணையில் உட்காருகிற மாதிரி, கால்களை அகல வைத்து, உடம்பின் பாரம் முழுவதையும் ஆசனத்தில் இறக்கிவிட்டு உட்கார்ந்திருக்கிறாள். மார்பு கனத்துச் சரிந்திருக்கிறது. வயிறு மடியில் தாழ்ந்து கிடக்கிறது. அவளுக்கு வலப்பக்கம் மாட்டுத் தலையோடு ஓர் ஆண், இடப்பக்கம் ஓர் இளம்பெண். மேலே ஓரத்தில் காக்கை பொறித்த கொடி. முகம் தேய்ந்து மூக்கு மழுங்கியிருந்தது. ஆனாலும் உதட்டோரத்தில் ஓர் அமைதி மிச்சமிருந்தது.

கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பாட்டி தூரத்திலிருந்தே சத்தம் போட்டார்: "அதத் தொடாதீங்க டீச்சரம்மா! ஆகாத சாமி அது. மூதேவி!"

புத்தகங்களில் படித்திருந்த தவ்வையை அன்றுதான் நேரில் பார்த்தேன். வடமொழியில் ஜேஷ்டா, தமிழில் தவ்வை, சேட்டை. திருமகளுக்கு மூத்தவள் என்பது கதை. பாற்கடலைக் கடைந்தபோது தங்கைக்கு முன்பே வந்தவள் இவள். பக்கத்தில் இருப்பவர்கள் அவளுடைய மகன் மாந்தனும் மகள் மாந்தியும். கொடியில் காக்கை, ஊர்தி கழுதை, ஆயுதம் துடைப்பம்.

ஆகாதவள் என்று பாட்டி சொன்ன இதே தவ்வைக்கு ஒருகாலத்தில் சிவன் கோயிலிலேயே தனி இடம் இருந்தது. காஞ்சி கைலாசநாதர் கோயிலில் ராஜசிம்ம பல்லவன் காலத்தில் அவளைச் செதுக்கியிருக்கிறார்கள். திருப்பரங்குன்றத்தில் குடைவரைக் கோயில் கல்வெட்டு ஒன்று, சாத்தன் கணபதி என்பவரின் மனைவி நக்கன் கொற்றி துர்க்கைக்கும் சேட்டைக்கும் கோயில் எடுத்ததைச் சொல்கிறது. ஆண்டு 773. பாண்டிய நாட்டில் உயர்ந்த நிலையில் இருந்த ஒரு பெண், தன் பெயர் கல்லில் நிற்கவேண்டும் என்று நினைத்தபோது தவ்வையைத் தேர்ந்தெடுத்திருக்கிறாள். முற்காலச் சோழர் கோயில்களில் கருவறையைச் சுற்றி எட்டுப் பரிவார தெய்வங்களுக்குச் சிறு சன்னிதிகள் கட்டுவது முறை. சூரியன், அன்னையர் எழுவர், பிள்ளையார், முருகன் இவர்களோடு தவ்வையும் அந்த எண்மரில் ஒருத்தி.

மக்கள் அவளிடம் எதைக் கேட்டார்கள்? அதற்குச் சாட்சி சொல்பவர் அவளை வழிபடக்கூடாது என்று கண்டித்தவரேதான். தொண்டரடிப்பொடி ஆழ்வார் திருமாலையில், சேட்டையிடம் செல்வத்தை எதிர்பார்த்துக் காத்திருப்பவர்களைப் பார்த்து வருந்துகிறார். அவர் காலத்தில் செல்வம் வேண்டி அவளிடம் போனவர்கள் நிறையப் பேர் இருந்திருக்கிறார்கள். இல்லாவிட்டால் கண்டிக்க வேண்டிய அவசியம் ஏது? இன்னொரு பக்கம், வள்ளுவர் காலத்திலேயே அவள்மீது நிழல் விழத் தொடங்கிவிட்டது. பொறாமைக்காரனைத் திருமகள் தன் தவ்வையிடம் ஒப்படைத்துவிடுவாள் என்கிற கருத்து அழுக்காறாமை அதிகாரத்தில் இருக்கிறது. வணக்கமும் வசையும் பல நூற்றாண்டுகள் பக்கத்தில் பக்கத்தில் ஓடியிருக்கின்றன. சோழர் ஆட்சியின் பிற்பகுதியில் புதிதாக அவளைச் செதுக்குவது அருகிவிட்டது. சன்னிதியை விட்டு வெளியே வந்த கற்கள் பல ஊர்களில் ஏரிக்கரைக்கும் வயல் வரப்புக்கும் போய்ச் சேர்ந்தன. வசை மட்டும் நம் வீடுகளுக்குள் தங்கிவிட்டது.

ஆய்வாளர்கள் பலர் தவ்வையை வளமைத் தெய்வம் என்று கொள்கிறார்கள். முதலில் எனக்கு அது பிடிபடவில்லை. வளமை என்றால் கருவுறுதல், கருவுறுதல் என்றால் இளமை என்றுதான் என் மனசில் பதிந்திருந்தது. இவளோ இளமை கடந்தவள். இவளுடைய பிள்ளைகள் வளர்ந்தவர்கள். இவளிடம் வளமை எங்கே இருக்கிறது?

அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு தேட ஆரம்பித்தேன். விடுமுறையில் கோயில்களுக்குப் போகும்போது கும்பிடுவதற்கு முன்னால் பார்க்கக் கற்றுக்கொண்டேன்.

அரியலூர் எல்லையைத் தொட்டாற்போல் திருச்சி மாவட்டத்தில் ஆலம்பாக்கம் இருக்கிறது. பல்லவ மன்னன் தந்திவர்மன் பெயரால் தந்திவர்மமங்கலம் என்று வழங்கிய பழைய ஊர். அங்கே அன்னையர் எழுவர் சிற்பங்கள் உண்டு. பிராமி, மகேசுவரி, கௌமாரி, வைணவி, வாராகி, இந்திராணி, சாமுண்டி. நம் கிராமங்களில் ஏரிக்கரையிலும் வாய்க்கால் ஓரத்திலும் ஏழு கல்லை நட்டுக் கன்னிமார் என்று பொங்கல் வைக்கிறோமே, அந்த வழிபாட்டோடு ஒட்டி உறவாடுகிறவர்கள் இவர்கள்.

இந்த எழுவரை எல்லோராக் குகைகளில் செதுக்கியவர்கள் மடியிலும் பக்கத்திலும் குழந்தைகளை வைத்தார்கள். தாய் என்றால் குழந்தையோடுதானே இருக்க வேண்டும்? ஆனால் பல்லவ, சோழ நாட்டுச் சிற்பிகள் பெரும்பாலும் அப்படிச் செய்யவில்லை. நம் பகுதிக் கோயில்களில் வரிசையாக உட்கார்ந்திருக்கும் அன்னையரின் மடியைப் பாருங்கள். குழந்தை இருக்காது. ஒரு காலை மடித்து, ஒரு காலைத் தொங்கவிட்டு, கையில் அவரவர் ஆயுதத்தோடு, ஒரு கை அஞ்சேல் என்று காட்ட, தனித்தனியாக நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார்கள். கடைசியில் சாமுண்டி. தீச்சுடர் மாதிரி விரிந்த சடை, மண்டையோட்டு மாலை. வடக்கே ஒடிசாவின் ஜாஜ்பூரில் அவளை எலும்பும் தோலுமாக, வற்றிய மார்போடும் ஒட்டிய வயிற்றோடும் செதுக்கியிருக்கிறார்கள். அந்த வற்றிய உடம்புக்காரியும் அன்னையர் கணக்கில்தான் வருகிறாள். யாரும் அவளை வரிசையிலிருந்து எழுப்பி அனுப்பவில்லை.

இதை முதன்முதலாகக் கவனித்த நாளில் நான் அந்தக் கல் வரிசைக்கு முன்னால் வெகுநேரம் உட்கார்ந்துவிட்டேன். அழுதேன் என்பதையும் மறைக்கவில்லை. மடியில் பிள்ளை இல்லாத ஏழு பேரை ஆயிரம் வருஷமாக இந்த மண் அன்னை என்று கும்பிட்டிருக்கிறது. இது எந்த வேண்டுதலுக்கும் கிடைக்காத பதிலாக எனக்கு இருந்தது.

அதற்குப் பிறகு பழைய சிற்பங்களில் எங்கே பார்த்தாலும் வளமை வேறு விதமாகவே கண்ணில் பட்டது. ஹரப்பாவில் கிடைத்த சுடுமண் முத்திரை ஒன்றில் தலைகீழாக இருக்கும் பெண்ணின் வயிற்றிலிருந்து பிறப்பது குழந்தை இல்லை, ஒரு செடி. நம்மூர் ஆதிச்சநல்லூரில் 2004-ல் தொடங்கிய அகழாய்வில் கிடைத்த தாழி ஓட்டில் புடைப்பாக ஒரு பெண் நிற்கிறாள். அவளைச் சுற்றி நெற்கதிர், கொக்கு, மான், முதலை. தண்ணீரும் பயிரும் உயிரினமும் சேர்ந்த ஓர் உலகத்தின் நடுவே அவள் நிற்கிறாள். தக்காணத்தில் லஜ்ஜா கௌரி என்று ஒரு வடிவம் உண்டு. கால்களை மடக்கி விரித்துப் பிள்ளை பெறும் நிலையில் கிடக்கும் பெண் உடம்பு. பெரும்பாலான சிற்பங்களில் தலை இருக்க வேண்டிய இடத்தில் மலர்ந்த தாமரை. பிரசவத்தை இவ்வளவு வெளிப்படையாகக் காட்டிய சிற்பியும், முகத்துக்குப் பதில் குளத்துப் பூவைத்தான் வைத்தான். தஞ்சைப் பெரிய கோயில் சுவர்களில் தூண்களுக்கு இடையே ஒரு குடமும் அதன் வாயிலிருந்து பொங்கி வழியும் கொடியும் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். கும்பபஞ்சரம் என்பார்கள். கரகத்திலும் கலசத்திலும் இருப்பது அதே நிறைகுடம்தான். மாரியம்மன் திருவிழாவில் பெண்கள் தலையில் எடுத்துப் போகும் முளைப்பாரியும் அதே எண்ணம்தான். இருட்டு மூலையில் வைத்து, தண்ணீர் தெளித்து, முளை எவ்வளவு உயரம் வந்திருக்கிறது என்று பார்த்து, அந்த வருஷம் ஊருக்கு எப்படி இருக்கும் என்று சொல்வார்கள்.

ஊருக்கு எப்படி இருக்கும் என்பதுதான் கேள்வி. எந்த மருமகளுக்கு எப்போது பிள்ளை பிறக்கும் என்பது அந்தக் கேள்விக்குள் ஒரு சிறு பங்கு, அவ்வளவே.

எங்கள் மாவட்டத்தில் இருந்து பார்த்தால் இது இன்னும் தெளிவாகப் புரியும். இங்கே மக்காச்சோளமும் பருத்தியும் சின்ன வெங்காயமும் பெரும்பாலும் மழையை நம்பித்தான் இருக்கின்றன. ஐப்பசியில் ஏரி நிறைந்தால் ஊர் முகமே வேறு. நிறையாவிட்டால் ஆடுமாடு சந்தைக்குப் போகும், இளவட்டங்கள் திருப்பூருக்குப் போவார்கள். கங்கைகொண்ட சோழபுரத்தில் ராஜேந்திரன் தன் வடதிசை வெற்றியை நிலைநிறுத்த நினைத்தபோது கோயிலோடு சோழகங்கம் என்கிற ஏரியையும் வெட்டினான். நீராலான வெற்றித்தூண் என்று அதைத் திருவாலங்காட்டுச் செப்பேடு சொல்கிறது. கங்கைவரை படை அனுப்பிய மன்னனுக்கும் வளமை என்றால் தேங்கி நிற்கும் தண்ணீர்தான். அப்படிப்பட்ட நிலத்தில் கால் ஊன்றி உட்கார்ந்திருக்கிறாள் தவ்வை. பக்கத்தில் மாட்டுத் தலையோடு மகன். மாடில்லாமல் அந்தக் காலத்தில் ஏர் ஏது? கையில் துடைப்பம். களத்துமேட்டில் சிந்திய தானியத்தைக் கூட்டிச் சேர்த்த பெண்களுக்கு அது என்னவென்று தெரியும். அவளுடைய பெருத்த வயிற்றை நான் இப்போது நிறைந்த குதிர் என்றுதான் பார்க்கிறேன். இது என் வாசிப்பு. ஆனால் ஏரிக்கரையில் நின்று பார்க்கிற யாருக்கும் இது தோன்றும் என்று நம்புகிறேன்.

வளமையைப் பெண்ணின் கருப்பை அளவுக்குச் சுருக்கியது இந்தச் சிற்பங்கள் இல்லை, நாம்தான். பிள்ளை வேண்டும் என்கிற ஆசை பழையதுதான், அதை நான் மறுக்கவில்லை. நாகார்ஜுனகொண்டாவில் லஜ்ஜா கௌரி சிலை ஒன்றைக் கொடுத்த இக்ஷ்வாகு அரசி, கணவனும் பிள்ளையும் உயிரோடு இருப்பவள் என்று தன்னைக் கல்வெட்டில் குறித்துக்கொண்டிருக்கிறாள். அரசிக்கே அந்த அடையாளம் தேவைப்பட்டிருக்கிறது. அவளுடைய ஆசையை நான் மதிக்கிறேன். எனக்கும் அதே ஆசை இருந்தது, அது முழுதாக ஆறிவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். பிள்ளை வேண்டும் என்று ஒரு பெண் கும்பிடுவது அவளுடைய உரிமை. பிள்ளை இல்லாதவளைச் சபையில் ஒதுக்குவதற்கு மட்டும் தெய்வத்தைத் துணைக்குக் கூப்பிடாதீர்கள். கல்லில் அதற்கு ஆதாரம் இல்லை.

தவ்வைக்கு நடந்ததைப் படிக்கப் படிக்க எனக்கு இன்னொன்றும் விளங்கியது. ஒருத்தியை ஆகாதவள் என்று சொல்வதற்கு அவள் எதுவும் செய்திருக்க வேண்டியதில்லை. இரண்டு பிள்ளை பெற்று, அவர்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற தாயையே நாம் ஆகாதவள் ஆக்கினோம். வயசானவள், உடம்பு தளர்ந்தவள், துடைப்பம் பிடித்தவள், அழகியான தங்கையோடு ஒப்பிடப்பட்டவள். இவ்வளவுதான் அவள் பேரில் குற்றம். அப்படியானால் மங்கலம், அமங்கலம் என்று நாம் பெண்களைப் பிரிப்பது அவர்கள் பெற்றதை வைத்தும் இல்லை, பெறாததை வைத்தும் இல்லை. பிரிக்க வேண்டும் என்று முடிவு செய்த பிறகுதான் காரணத்தைத் தேடுகிறோம். பிள்ளை பெற்றிருந்தால் எனக்கு இந்த அவமானம் வந்திருக்காது என்று நம்பிக்கொண்டிருந்தேன். அந்த நம்பிக்கை அதோடு போயிற்று. வேறு ஏதாவது ஒன்றைச் சொல்லி வந்திருக்கும். கைம்பெண்ணுக்கு ஒன்று, மாதவிலக்கானவளுக்கு ஒன்று, எனக்கு ஒன்று. இது தெரிந்தபின் என் உடம்பை நானே குற்றவாளிக் கூண்டில் ஏற்றி நிறுத்துவது நின்றுபோனது.

சிறுவாச்சூருக்கு இப்போதும் போகிறேன். மாவு இடிக்கிறேன். கேட்பதற்கு ஒன்றும் இல்லாமல் அம்மன் முன்னால் நிற்பதில் ஒரு நிறைவு இருக்கிறது. முன்பு அவள் முகத்தில் ஆமாம், இல்லை என்கிற பதிலைத்தான் தேடுவேன். இப்போது முகத்தையே பார்க்கிறேன்.

எங்கள் ஏரிக்கரைத் தவ்வையைச் சுற்றிப் பிள்ளைகள் முள்ளை வெட்டிச் சுத்தம் செய்தார்கள். ஊர்ப் பெரியவர்களிடம் பேசி, அருங்காட்சியகத்துக்குத் தகவல் எழுதினோம். ஆடு மேய்க்கும் பாட்டியும் ஒருநாள் கிட்டே வந்து மாட்டுத்தலை மகனை உற்றுப் பார்த்துவிட்டு, "இதுக்கும் புள்ளைங்க இருக்குதா?" என்று கேட்டார். இருக்கிறது என்றேன். அந்தக் காலத்தில் இவளிடம் மக்கள் செல்வம் கேட்டார்கள் என்பதையும், இவளுக்குக் கோயில் கட்டியவள் ஒரு பெண் என்பதையும் சொன்னேன். பாட்டி நம்பினாரா தெரியவில்லை. ஆனால் முழுதாகக் கேட்டார்.

வகுப்பில் இதைப் பாடமாகச் சொல்லும்போது பெண்பிள்ளைகளிடம் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். கோயிலுக்குப் போனால் தெற்குச் சுற்றில் வரிசையாக இருக்கும் ஏழு அன்னையரைத் தேடிப் பாருங்கள், அவர்கள் மடியைப் பாருங்கள், உங்கள் அம்மாக்களிடமும் போய்ச் சொல்லுங்கள். இதைப் படிக்கும் பெரியவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் இருக்கிறது. உங்கள் வீட்டில் அடுத்த வளைகாப்பு நடக்கும்போது, கூட்டத்தில் பிள்ளை இல்லாத ஒருத்தி ஓரமாக ஒதுங்கி நிற்பாள். முதல் வளையலை அவளைப் போடச் சொல்லுங்கள். பிறக்கப்போகும் குழந்தைக்கு அதனால் ஒரு குறையும் வராது. அப்படி ஒதுங்கி நின்றவள், இந்த மண்ணின் அன்னையர் வழிபாட்டைத் தேடிப் படித்தவள் என்கிற இரண்டு தகுதியோடும் இதைச் சொல்கிறேன்.